நால்வரும் இருக்கும்போதே

ஒன்றாக வாசித்துப் பிறகு கலைந்துபோன இசைக்குழுக்களின் கலைஞர்களுக்கு,

பிளாங்ஸ்டி அயர்லாந்தின் நாட்டார் இசைக்குழு. 1972-இல் தொடங்கி 1975-இல் கலைந்தது. 1978-இல் மீண்டும் கூடி, அடுத்த ஆண்டே ‘ஆஃப்டர் த பிரேக்’ என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தது. ‘இடைவேளைக்குப் பிறகு’ என்பது அந்தத் தலைப்பின் பொருள். 1983-இல் மறுபடி கலைந்து, இருபது ஆண்டு கழித்து 2003-இல் மூன்றாம் முறையாகக் கூடியது. பிரிந்தவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள், வந்து எதைப் பதிவு செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பதற்கு இந்தக் குழுவைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அதனால் அவர்களுடைய கதை இங்கே முதலிலிருந்தே சொல்லப்படுகிறது.

இந்த இசை கடைகளில் ‘கெல்டிக்’ என்ற பெயரில் கிடைப்பதால், அந்தச் சொல்லை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஐரிஷ், ஸ்காட்லாந்தின் கேலிக், மாங்க்ஸ், வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன் ஆகிய ஆறும் ஒரே கிளை மொழிகள். அந்தக் கிளைக்கு மொழியியலார் இட்ட பெயர் கெல்டிக். இசைத்தட்டுக் கடைகள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, பிரிட்டனி என்று எல்லா ஊர் இசையையும் ஒரே அடுக்கில் வைத்துவிட்டன. அயர்லாந்துக் கலைஞர்களில் பலர் தங்கள் இசையை ‘ஐரிஷ் மரபிசை’ என்றே சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கிளேர் மாவட்டத்தார் பிடில் வாசிப்பதற்கும் டோனகல் மாவட்டத்தார் வாசிப்பதற்கும் உள்ள வேறுபாடு, பழகிய காதுக்குச் சில நொடிகளிலேயே பிடிபட்டுவிடும்.

குழுவின் முதல் நால்வரில் மூவர், டப்ளினுக்கு மேற்கே இருக்கும் கில்டேர் மாவட்டத்தோடு தொடர்புடையவர்கள். கிறிஸ்டி மூரும் டோனல் லன்னியும் நியூபிரிட்ஜ் என்ற ஊரில் வளர்ந்து, பள்ளி நாளிலிருந்தே ஒருவரையொருவர் அறிந்தவர்கள். லியம் ஓ ஃபிளின் அதே மாவட்டத்தின் கில் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். நான்காமவரான ஆண்டி இர்வின் லண்டனில் பிறந்தவர். சிறுவயதில் நடிகராக இருந்து, பிறகு பாட்டின் பக்கம் திரும்பி டப்ளினுக்கு வந்து சேர்ந்தார்.

நால்வரையும் சேர்த்து வைத்ததும் ஓர் ஒலிப்பதிவுதான். 1971 கோடையில் மூர் தன் தனி இசைத்தட்டு ஒன்றைப் பதிவு செய்ய விரும்பினார். கில்டேரில் பிராஸ்பரஸ் என்ற கிராமத்தில் அவருடைய உறவினர் வீடு ஒன்று இருந்தது. அதன் நிலவறையைப் பதிவுக்கூடமாக ஆக்கிக்கொண்டார்கள். இங்கிலாந்திலிருந்து பில் லீடர் என்ற பதிவாளர் தன் கருவிகளோடு வந்தார். லன்னி, ஓ ஃபிளின், இர்வின் மூவரும் மூரின் பாட்டுக்குத் துணை வாசிக்க வந்தவர்கள். ‘பிராஸ்பரஸ்’ என்று கிராமத்தின் பெயரையே தாங்கி 1972-இல் அந்த இசைத்தட்டு வெளியானது. துணைக்கு வந்தவர்கள் துணையாக மட்டும் நின்றுவிடவில்லை என்பது அதைக் கேட்பவர்களுக்கு உடனே தெரியும். வெளியாவதற்கு முன்பே நால்வரும் ஒரு குழுவாக வாசிக்க முடிவெடுத்திருந்தார்கள்.

குழுவின் ஒலியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஓ ஃபிளினின் கருவியிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு இல்லன் பைப் என்று பெயர். ஐரிஷ் மொழியில் ‘இல்லன்’ என்றால் முழங்கைக்குரியது. ஸ்காட்லாந்துப் பைப்பை நின்றுகொண்டு வாயால் ஊதுவார்கள். இதைப் பெரும்பாலும் உட்கார்ந்தே வாசிப்பார்கள். வலது முழங்கை ஒரு துருத்தியை அழுத்தும். அதிலிருந்து வரும் காற்று இடது கைக்கு அடியில் இருக்கும் பையில் நிறையும். மெட்டு வாசிக்கும் குழல் விரல்களின் கீழே இருக்கும். மூன்று சுருதிக் குழல்கள் இடைவிடாமல் ஆதார சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். தொடைமீது கிடக்கும் வேறு மூன்று குழல்களின் சாவிகளை மணிக்கட்டால் அமுக்கினால் பக்க சுரங்கள் எழும். விரல், மணிக்கட்டு, முழங்கை எல்லாம் ஒரே நேரத்தில் தனித்தனி வேலை பார்க்கும். நாகஸ்வரமும் ஒத்தும் ஓர் ஆளின் மடியில் உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்தால் ஓரளவு கிட்டத்தில் வரலாம். ஓ ஃபிளினின் தந்தை ஆசிரியர், பிடில் வாசித்தவர். மகன் டப்ளினில் லியோ ரௌசம் என்ற பெரிய வித்வானிடம் பைப் கற்றார். பின்னாளில் வில்லி கிளான்சி, ஷேமஸ் என்னிஸ் இருவரிடமும் நெருங்கிப் பழகினார். என்னிஸ் 1982-இல் காலமானபோது அவருடைய பைப் ஓ ஃபிளினின் கைக்கு வந்தது. 2017-இல் இந்த வாசிப்புக்கலை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

மறுபக்கம் நின்றவை கம்பிக் கருவிகள். இர்வின் 1960-களின் கடைசியில் பல்கேரியா, ருமேனியா, யுகோஸ்லாவியா என்று பால்கன் நாடுகளில் சுற்றியவர். கையில் காசு அதிகம் இல்லாத பயணம் அது. அங்கே கேட்ட தாளங்கள் அவரை விடவே இல்லை. அவர் வாசித்தது மாண்டலின். லன்னி வாசித்தது கிரேக்க நாட்டின் புசூக்கி. அதை அயர்லாந்துக்குக் கொண்டுவந்தவர் ஜானி மொய்னிஹன். இவர் இர்வினோடு ‘ஸ்வீனிஸ் மென்’ என்ற குழுவில் வாசித்தவர். கிரேக்கப் புசூக்கியின் முதுகு சுரைக்காய்போல உருண்டிருக்கும். லன்னி பீட்டர் அப்னெட் என்ற ஆங்கிலக் கருவிச் சிற்பியிடம் அந்த அளவுக்கு உருளாத முதுகு வைத்து ஒன்று செய்து வாங்கினார். இன்று ‘ஐரிஷ் புசூக்கி’ என்று உலகமெல்லாம் விற்பது அந்த வழியில் வந்ததுதான்.

ஐரிஷ் மரபிசை அடிப்படையில் ஒற்றை மெட்டின் இசை. எத்தனை பேர் கூடினாலும் எல்லோரும் ஒரே மெட்டையே வாசிப்பார்கள். அவரவர் கமகமும் மூச்சும்தான் வேறுபடும். மாண்டலினும் புசூக்கியும் அந்த மெட்டுக்குக் கீழே ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஓடும் இன்னொரு நடையை உண்டாக்கின. பைப்பின் மெட்டோ பழைய வித்வான்கள் வாசித்தபடியே அசையாமல் நின்றது. பழையதைக் குலைக்காமல் அதன் அடியில் புதிய தளம் போட்டதே பிளாங்ஸ்டி செய்த காரியம்.

குழுவின் பெயர் டர்லோ ஓ கேரொலன் என்ற பார்வையற்ற யாழ்க் கலைஞரிடமிருந்து வந்தது. 1670 முதல் 1738 வரை வாழ்ந்தவர் அவர். ஊர் ஊராகச் சென்று, தன்னை ஆதரித்த வள்ளல்கள் பெயரில் மெட்டுகள் கட்டினார். அப்படிப்பட்ட மெட்டுகள் பலவற்றின் தலைப்பில் ‘பிளாங்ஸ்டி’ என்ற சொல் வரும். சொல்லின் வேர் பற்றி அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. பொருநரும் பாணரும் வள்ளலைப் பாடிய மரபை அறிந்த தமிழருக்கு அந்தச் சொல்லின் பயன் சட்டென்று விளங்கும்.

1972 ஈஸ்டர் வாரத்தில் கால்வே நகரில் பாடகர் டொனவனின் நிகழ்ச்சிக்கு முன்னால் வாசிக்க இந்த நால்வருக்கு இடம் கிடைத்தது. ராக் பாட்டுக் கேட்க வந்த இளைஞர் கூட்டம் பழைய மெட்டுகளுக்குக் கொந்தளித்து எழுந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் லண்டனில் ஃபில் கோல்டரின் தயாரிப்பில் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார்கள். 1973-இல் வெளிவந்த அதற்குக் கருப்பு அட்டை. ரசிகர்கள் இன்றுவரை ‘கருப்பு ஆல்பம்’ என்றே சொல்கிறார்கள். அதன் முதல் பாட்டு, நாடோடிகளோடு வீட்டைவிட்டுப் போன சீமாட்டியைப் பற்றிய ‘ராகிள் டாகிள் ஜிப்ஸி’. மூர் அதை ஜான் ரைலி என்ற நாடோடிப் பாடகர் பாடியதிலிருந்து கற்றார். ரைலி 1969-இல் வறுமையில் இறந்தவர். டாம் மன்னெலி என்ற சேகரிப்பாளர் அதற்கு முன்பே அவரைத் தேடிப்போய்ப் பதிவு செய்திருந்ததால் அவர் பாடிய வடிவம் பிழைத்தது. பிளாங்ஸ்டியின் பதிவில் கடைசிச் சரணம் முடிந்ததும் கம்பிகள் நிற்பதில்லை. வேகம் மெல்லத் தணிகிறது, கம்பிகள் ஒரு பாலம்போல நீள்கின்றன, அந்தப் பாலத்தின்மேல் பைப் வந்து ‘உன் கையை எனக்குத் தா’ என்று பொருள்படும் பதினேழாம் நூற்றாண்டு யாழ் மெட்டை எடுத்துக்கொள்கிறது. தெருவோரத்தில் வாழ்ந்தவனின் பாட்டும் மாளிகையில் யாழ் வாசித்தவனின் மெட்டும் தையல் தெரியாமல் சேர்ந்துவிட்ட இடம் அது.

அதே ஆண்டில் ‘த வெல் பிலோ த வாலி’ வந்தது. அது முடிந்தவுடன் லன்னி வேறு இசையைத் தேடி விலகினார். அவர் இடத்துக்கு மொய்னிஹன் வந்தார். 1974-இல் மூன்றாம் இசைத்தட்டு. பிறகு மூரும் விலகிப்போக, பால் பிரேடி வந்தார். ஓயாத பயணம் எல்லோரையும் களைக்க வைத்திருந்தது. 1975 டிசம்பரில் குழு கலைந்தது. பிரேடி பாடிய அணி ஒரு ஸ்டுடியோ இசைத்தட்டுகூடச் செய்யாமலே முடிந்துபோனது. நேரில் கேட்டவர்கள் இன்றும் அந்த அணியைச் சிலாகித்துப் பேசுகிறார்கள். நேரில் கேட்காதவர்களுக்குக் கேட்டுப் பார்க்க ஒரு தட்டு இல்லை. இந்த இழப்பு பின்னால் வருவதற்கு முன்னறிவிப்புபோல் இருக்கிறது.

பிரிந்திருந்த மூன்று ஆண்டுகளில் யாரும் சும்மா இருக்கவில்லை. லன்னி ‘பாத்தி பேண்ட்’ என்ற குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். பைப், பிடில், குழல் மூன்றும் ஒரே பாய்ச்சலில் ஓடும் அந்தக் குழுவின் வேகத்தை அயர்லாந்து அதற்கு முன் கேட்டதில்லை. இர்வினும் பிரேடியும் சேர்ந்து 1976-இல் வெளியிட்ட இசைத்தட்டு இன்று ஒரு செவ்வியல் படைப்பாக மதிக்கப்படுகிறது. அதைத் தயாரித்தவர் லன்னி. மூர் தனியாகப் பாடிப் பதிவு செய்துகொண்டிருந்தார். 1978-இல் வந்த அவருடைய தட்டில் இர்வின் வாசித்தார். நோயல் ஹில் என்ற கான்செர்டினா கலைஞரும் டோனி லின்னேன் என்ற பிடில் கலைஞரும் அதிலேயே இருந்தார்கள். குழு கலைந்த பிறகும் ஒருவர் தட்டில் இன்னொருவர் பெயர் இருந்துகொண்டே இருந்தது. மேடையில் சேர்ந்து நிற்கவில்லை என்றாலும் பேச்சுவார்த்தை அறுபடவில்லை. மீண்டும் கூடியபோது வேலை எளிதானதற்கு இதுவே பெரிய காரணம்.

1978 இலையுதிர் காலத்தில் முதல் நால்வரும் மறுபடி ஒத்திகைக்கு உட்கார்ந்தார்கள். பாத்தி பேண்டிலிருந்து மாட் மொலாயும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். ராஸ்காமன் மாவட்டத்துக் குழல் வித்வான் அவர். 1979 வசந்தத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் ஐரோப்பா முழுவதும் சுற்றி வாசித்தார்கள். பயணம் முடிந்த சூட்டோடு, ஜூன் மாதம், டப்ளின் துறைமுகப் பகுதியில் இருந்த விண்ட்மில் லேன் பதிவுக்கூடத்துக்குள் நுழைந்தார்கள். கூடம் அதற்கு முந்தைய ஆண்டுதான் திறக்கப்பட்டிருந்தது. ‘ஆஃப்டர் த பிரேக்’ அங்கே உருவாகி, டாரா என்ற சிறிய ஐரிஷ் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் ஒத்திகை, அடுத்து மேடை, கடைசியில் பதிவு. பாட்டுகள் இரண்டு மாதம் மக்கள் முன்னால் அடிபட்டு, தேவையில்லாதது உதிர்ந்து, மீந்ததே கூடத்துக்குள் போனது. மீண்டும் கூடும் குழுக்கள் பல இதைத் தலைகீழாகச் செய்கின்றன. முதலில் தட்டு, பிறகு அதை விற்க ஒரு சுற்றுப்பயணம். அப்படிச் செய்த தட்டுகளில் விரல்கள் ஒன்றையொன்று இன்னும் தேடிக்கொண்டிருப்பது கேட்கும். 1979 ஜூன் பதிவில் அந்தத் தேடல் எங்கும் இல்லை.

‘ஆஃப்டர் த பிரேக்’ தட்டின் முதல் பாட்டு ‘த குட் ஷிப் கங்காரு’. கப்பலில் வேலைக்குப் போனவன் கரையில் விட்டுவந்த காதலியைப் பற்றிய பாட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பொழுதுபோக்கு அரங்குகளில் பிறந்து, கடல் கடந்து, கார்க் மாவட்டத்து எலிசபெத் குரோனின் என்ற மூதாட்டியின் வாயில் நாட்டார் பாட்டாகவே மாறிப்போனது. அவர் 1956-இல் மறைவதற்கு முன் சேகரிப்பாளர்கள் அவர் பாடியவற்றைப் பதிவு செய்துவைத்தார்கள். மூர் அதைப் பாடும்போது குரலில் ஒரு புன்னகை இருக்கிறது. முதல் பாட்டிலேயே கேட்பவரின் தோளில் கை போடுகிறார்.

மூர் பாடும் இன்னொரு நீண்ட பாட்டு ‘த பர்சூட் ஆஃப் ஃபார்மர் மைக்கேல் ஹேய்ஸ்’. 1862-இல் திப்பரரியில் நில முகவர் ஒருவரைச் சுட்டுவிட்டு, போலீஸ் கையில் அகப்படாமல் தப்பிய விவசாயியின் கதை அது. நிலத்தைவிட்டு விரட்டப்பட்டவர்களின் கோபம் அதில் எரிகிறது. எந்தெந்த ஊர் வழியாக ஓடினான், எந்தத் துறைமுகத்தில் தேடினார்கள் என்று சரணத்துக்குச் சரணம் ஊர்ப்பெயர்கள் அடுக்கடுக்காக வருகின்றன. அயர்லாந்தின் வரைபடத்தைக் காதால் படிப்பதுபோல இருக்கும். இர்வின் பாடும் ‘யூ ராம்ப்ளிங் பாய்ஸ் ஆஃப் பிளெஷர்’ இதற்கு நேர்மாறு. மெல்ல அசைந்து போகும் காதல் வருத்தம். நெப்போலியன் போரில் இறந்த குதிரை வீரனுக்காக ஒரு பெண் புலம்பும் ‘த போனி லைட் ஹார்ஸ்மன்’ பாட்டும் இந்தத் தட்டின் குறுந்தகட்டுப் பதிப்பில் இருக்கிறது.

பாட்டில்லாத பகுதிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐரிஷ் நடன மெட்டுகளில் ஜிக் என்பது மும்மூன்றாக ஓடும், திஸ்ர நடையைப்போல. ரீல் என்பது நான்கு நான்காக, சதுஸ்ரத்தில் விரையும். ஒரு மெட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு பகுதி. ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்து, முழுதையும் இரண்டு மூன்று சுற்று சுற்றி, நிற்காமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். அந்தத் தாவலில்தான் கூட்டம் ‘ஹூப்’ என்று கத்தும். ‘ஆஃப்டர் த பிரேக்’ தட்டின் ரீல்களில் ஓ ஃபிளினின் பைப்பும் மொலாயின் மரக்குழலும் ஒரே மெட்டை ஒன்றாக வாசிக்கின்றன. இரண்டும் காற்றுக் கருவிகள். ஆனால் ஒன்றில் துருத்தி மூச்சு, மற்றதில் மனித மூச்சு. பைப் ஓய்வதே இல்லை. குழல் மட்டும் அங்கங்கே மூச்செடுக்க ஒரு சுரத்தை விழுங்கும். அந்த நுண்ணிய இடைவெளியில் பைப்பின் சுரம் தனியாக மின்னிவிட்டு மறையும். நல்ல ஒலிபெருக்கியில் கேட்டால் இது தெளிவாகவே விழும்.

தட்டின் கடைசி உருப்படி ‘ஸ்மெசெனோ ஹோரோ’. பல்கேரிய நடன மெட்டு. ‘கலந்தது’ என்று பெயரே சொல்கிறது. இரண்டும் மூன்றுமான துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்த தாளம். ‘தக தக தகிட’ என்று ஏழைச் சொல்லிப் பழகிய தமிழ்நாட்டு மிருதங்கக்காரருக்கு இதில் வியப்பு இருக்காது. ஐரிஷ் நடனக் காலுக்கோ இது அந்நிய மண். அந்தத் தாளத்தை ஓ ஃபிளின் பைப்பில் வாசிக்கிறார். ரௌசத்திடம் கற்ற மரபின் வாரிசு, பால்கன் மெட்டை உள்ளூர் மெட்டுபோலச் சரளமாக வாசிப்பதைக் கேட்கும்போது அந்தக் குழு எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்பது புரியும். முதல் தட்டில் ‘த பிளாக்ஸ்மித்’ பாட்டின் வாலாக இர்வின் ஒட்டிய பால்கன் சாயல் ஒரு விதை. இடைவேளைக்குப் பிறகு அது தனி உருப்படியாக நிற்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1980-இல் பில் வீலன் என்ற விசைப்பலகைக் கலைஞர் குழுவுக்குள் வந்தார். 1981-இல் டப்ளினில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளைக்காக வீலனும் லன்னியும் ‘டைம்டான்ஸ்’ என்ற உருப்படியை அமைத்தார்கள். பிளாங்ஸ்டி அதை வாசித்தது. இர்வின் தன் பால்கன் காதலை விடவில்லை. டேவி ஸ்பிலேன் என்ற பைப் கலைஞரோடும் வீலனோடும் சேர்ந்து 1992-இல் ‘ஈஸ்ட் விண்ட்’ என்ற தட்டை வெளியிட்டார். 1994-இல் அதே யூரோவிஷன் இடைவேளைக்கு வீலன் அமைத்ததுதான் ‘ரிவர்டான்ஸ்’. அயர்லாந்து என்றதும் இன்று உலகம் நினைக்கும் நடனம் அது. காசில்லாமல் பல்கேரியாவில் அலைந்த இளைஞனின் காதில் விழுந்த தாளம், மீண்டும் கூடிய குழு ஒன்றின் வழியாகத்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. 1978-இல் அவர்கள் கூடாமல் இருந்திருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும்.

மீண்டும் கூடிய குழு அடுத்து 1980-இல் ‘த வுமன் ஐ லவ்ட் ஸோ வெல்’ தட்டைத் தந்தது. மூர் தனியாகப் பாடிய காலத்தில் அவரோடு பதிவு செய்த ஹில்லும் லின்னேனும் அதில் வாசித்தார்கள். இடைவேளையில் சம்பாதித்த நட்பு குழுவின் சொத்தாக மாறியது. 1981-இல் மூரும் லன்னியும் ராக் இசையோடு மரபிசையைக் கலக்கும் ‘மூவிங் ஹார்ட்ஸ்’ குழுவைத் தொடங்கினார்கள். இரண்டு குழுக்களுக்கு நடுவே காலம் பங்கு போடப்பட்டது. 1983-இல் ‘வேர்ட்ஸ் அண்ட் மியூசிக்’ வந்தது. அதுவே பிளாங்ஸ்டியின் கடைசி ஸ்டுடியோ இசைத்தட்டு.

அதன்பின் இருபது ஆண்டு மௌனம். மூர் அயர்லாந்தின் மிகப் பெரிய தனிப்பாடகரானார். ஓ ஃபிளின், இசையமைப்பாளர் ஷான் டேவி அமைத்த ‘த பிரெண்டன் வாயேஜ்’ வழியாக அதற்கு முன்பே இல்லன் பைப்பை முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு நிற்க வைத்திருந்தார். லன்னி தயாரிப்பாளராக ஒரு தலைமுறையையே வளர்த்தார். இர்வின் உலகமெல்லாம் ஒற்றை ஆளாகச் சுற்றினார். 2003-இல் ஐரிஷ் அரசுத் தொலைக்காட்சி குழுவைப் பற்றி ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பியது. கேட்டே இராத தலைமுறை கேட்கத் தொடங்கியது. அந்த அக்டோபரில் கிளேர் மாவட்டத்து லிஸ்டூன்வார்னா என்ற சிற்றூரின் விடுதி ஒன்றில், சிறிய கூட்டத்தின் முன்னால், நால்வரும் வாசித்துப் பார்த்தார்கள். கைகள் எதையும் மறக்கவில்லை. 2004 தொடக்கத்தில் என்னிஸ் நகரின் குளோர் அரங்கிலும் டப்ளின் விகார் ஸ்ட்ரீட் அரங்கிலும் நிகழ்ச்சிகள் நடந்தன. அவற்றின் பதிவு ‘லைவ் 2004’ என்ற பெயரில் அதே ஆண்டில் ஒலியாகவும் படமாகவும் வெளிவந்தது.

‘லைவ் 2004’ அருமையான பதிவு. வயது குரல்களில் இறங்கியிருக்கிறது. வேகம் சற்றே குறைந்து, சொற்களுக்கு இடம் கூடியிருக்கிறது. ஓ ஃபிளின் தனியாக வாசிக்கும் மெல்லிய மெட்டு ஒன்றில் அரங்கத்தில் ஓர் இருமல்கூடக் கேட்பதில்லை. இருந்தாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அதில் உள்ளவை பெரும்பாலும் பழைய பாட்டுகள். ‘கங்காரு’ கப்பல் மறுபடி கிளம்புகிறது, ‘ராகிள் டாகிள் ஜிப்ஸி’ மறுபடி யாழ் மெட்டில் போய்ச் சேருகிறது. 1979-இல் மூன்று ஆண்டுப் பிரிவின் அறுவடை ஒரு புதிய தட்டாக வந்தது. இருபது ஆண்டுப் பிரிவின் அறுவடையோ கூடத்துக்குள் போகவே இல்லை. நால்வரும் தனித்தனியே சேர்த்துவைத்த பாட்டுகள், மெட்டுகள், தழும்புகள் எல்லாம் ஒன்றாக உருகி எப்படி ஒலித்திருக்கும் என்பதை இனி யாரும் கேட்க முடியாது. 2005 தொடக்கத்து நிகழ்ச்சிகளோடு அந்த மூன்றாம் கூடலும் முடிந்தது.

2018 மார்ச் 14 அன்று லியம் ஓ ஃபிளின் காலமானார். மற்ற மூவரும் பாடுவதை நிறுத்தவில்லை. ஆனால் பிளாங்ஸ்டி என்ற பெயரில் இனி ஒரு பதிவு வர வழியில்லை. அந்தப் பைப் இல்லாமல் அந்தக் குழு இல்லை.

டோனகல் மாவட்டத்து கிளன்னட் குழு வேறு மாதிரி முடிவெடுத்தது. கிவீடோர் என்ற ஐரிஷ் பேசும் பகுதியில், குடும்பத்துக்குச் சொந்தமான மதுக்கடையில் பாடத் தொடங்கியவர்கள் அவர்கள். பிரென்னன் வீட்டு உடன்பிறப்புகளான மோயா, கீரன், போல் மூவரும், அவர்களுடைய இரட்டை மாமன்மார் நோயல் டக்கன், பாட்ரிக் டக்கன் இருவரும் முதல் அணி. போல் 1990-இல் விலகினார். 1997-க்குப் பிறகு நீண்ட காலம் குழுவின் புதிய ஸ்டுடியோ தட்டே வரவில்லை. மறுபடி ஒன்றுகூடிய ஐவரும் 2013-இல் ‘நாடூர்’ என்ற புதிய தட்டைச் செய்தார்கள். ‘இயற்கை’ என்பது பொருள். அதில் ஐரிஷ் மொழிப் பாட்டுகளும் உண்டு. மாமன்மாரின் குரல்களும் மருமக்களின் குரல்களும் அடுக்கடுக்காகச் சேர்ந்து எழும் அந்தப் பழைய ஒலி அதில் முழுசாக இருக்கிறது. மூன்று ஆண்டு கழித்து 2016-இல் பாட்ரிக் காலமானார். 2022-இல் நோயலும் போய்ச் சேர்ந்தார். தேதியைத் தள்ளிப் போட்டிருந்தால் ‘நாடூர்’ வந்திருக்காது.

பாத்தி பேண்ட் 1979-இல் கலைந்தது. மறுபடி குழுவாகத் தொடர்ந்து மேடையேறியபோது நாற்பது ஆண்டுக்கு மேல் கடந்திருந்தது. கிட்டாரும் பாட்டும் தந்த மீஹால் ஓ டோனல் 2006-இலேயே மறைந்திருந்தார். தொடக்க காலப் பிடில் கலைஞர் டாமி பீப்பிள்ஸ் 2018-இல் மறைந்தார். மீந்தவர்கள் வாசிப்பதைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது. மீஹாலின் தங்கை ட்ரீனா விசைப்பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அண்ணனின் இடத்தில் வேறொருவர் கிட்டார் வாசித்தார்.

கலைந்த குழு ஒன்றில் வாசித்தவர்கள் இதைப் படித்தால், அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய நண்பர்களுக்கு இந்த வாரமே பேசுங்கள். பிரிந்திருந்த காலத்தில் கற்ற பாட்டை ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். சில வாரம் ஒத்திகை பாருங்கள், நாலு ஊரில் மக்கள் முன்னால் வாசியுங்கள், பிறகு பதிவுக்கூடத்துக்குப் போங்கள். கூடம் பெரியதாக இருக்க வேண்டியதில்லை. ‘பிராஸ்பரஸ்’ தட்டு ஒரு வீட்டின் நிலவறையில்தான் பதிவானது.